இந்தப் பாட்டு எந்த அலமாரியில்?

கேட்டால் இரண்டு நிமிடம்கூட ஓடாது. தொடக்கத்தில் பான்ஜோவைப் போல ஒரு தந்தி தனியாக ஒலிக்கிறது. அதில் கொஞ்சம் சோகம், கொஞ்சம் புழுதி. சட்டென்று அடியில் கனமான பேஸ் வந்து இறங்குகிறது. அதன்மேல் ஓர் இளைஞன் குதிரையையும் தொப்பியையும் பற்றிப் பாதி பாடுகிறான், பாதி பேசுகிறான். 'ஓல்டு டவுன் ரோடு' என்ற அந்தப் பாட்டை 2018 டிசம்பரில் வெளியிட்டபோது லில் நாஸ் எக்ஸுக்குப் பின்னால் எந்த இசைக் கம்பெனியும் இல்லை. அட்லாண்டா பக்கத்துக் கறுப்பினப் பையன், வயது 19. பாட்டுக்கான தாளத்தை நெதர்லாந்தில் இருந்த யங்கியோ என்ற இன்னோர் இளைஞரிடம் இணையத்தில் 30 டாலருக்கு வாங்கியிருந்தார். யங்கியோ அந்தத் தந்தி ஓசையை எடுத்ததோ, நைன் இன்ச் நெய்ல்ஸ் என்ற ராக் குழு 2008இல் வெளியிட்ட, பாட்டு வரிகளே இல்லாத ஓர் இசைத்துணுக்கிலிருந்து.

2019 மார்ச்சில் இந்தப் பாட்டு பில்போர்டு இதழின் மூன்று பட்டியல்களில் ஒரே வாரத்தில் ஏறியது. ஒன்று, எல்லாவகைப் பாட்டுகளுக்குமான 'ஹாட் 100'. இன்னொன்று ஆர் அண்ட் பி, ஹிப்-ஹாப் பட்டியல். மூன்றாவது கன்ட்ரி, அதில் 19ஆம் இடம். சில நாட்களில் அந்த மூன்றாவது பட்டியலிலிருந்து மட்டும் பாட்டு சத்தமில்லாமல் எடுக்கப்பட்டது. விஷயம் வெளியே தெரிந்து பிரச்சினை வெடித்ததும், இன்றைய கன்ட்ரி இசைக்குரிய கூறுகள் இதில் போதுமான அளவு இல்லை என்று பில்போர்டு விளக்கம் சொன்னது. பாடியவரின் இனத்துக்கும் இந்த முடிவுக்கும் துளியும் சம்பந்தமில்லை என்றும் சொன்னது.

அந்த விளக்கத்தைப் பலரால் விழுங்க முடியவில்லை. டிரம் மெஷின் தாளமும் பேச்சு நடையும் கன்ட்ரி பட்டியலுக்குப் புதிதல்ல. வெள்ளைப் பாடகர்கள் சில ஆண்டுகளாக அவற்றை வைத்தே முதலிடம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அப்படியிருக்க, எது கன்ட்ரி என்று முடிவு செய்வது காதா, கண்ணா? லில் நாஸ் எக்ஸ் பிறப்பதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே, இசைத்தட்டுக் கடைகளின் விலைப்பட்டியலில் இந்தக் கேள்விக்கு ஒரு விடை அச்சாகியிருந்தது.

எண் போட்டுப் பிரித்த காலம்

கன்ட்ரி என்றதும் பெரும்பாலோருக்குக் கண்முன் வருவது தொப்பியும் பூட்ஸும் போட்ட ஒரு வெள்ளைக்காரர், கையில் கிட்டார், பின்னால் பண்ணை. அந்தப் படத்தில் பான்ஜோவும் கட்டாயம் இருக்கும். ஆனால் பான்ஜோவின் பூர்வீகம் மேற்கு ஆப்பிரிக்கா. சுரைக்குடுக்கையில் தோல் கட்டித் தந்தி இழுத்த அகோன்டிங் போன்ற கருவிகள் செனகல், காம்பியா பகுதிகளில் இன்றும் வாசிக்கப்படுகின்றன. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் அந்த நினைவைச் சுமந்துவந்து, கரீபியன் தீவுகளிலும் அமெரிக்கத் தெற்கிலும் கையில் கிடைத்ததைக் கொண்டு கருவி செய்தார்கள். வெள்ளையர்களிடம் அது பரவலாகப் போய்ச் சேர்ந்தது 1830களிலும் 1840களிலும். அதற்குப் பெரிய வழியாக இருந்தது மின்ஸ்ட்ரல் நாடகம். எரித்த தக்கைக் கரியை முகத்தில் பூசிக்கொண்டு, கறுப்பர்களைக் கேலி செய்து வெள்ளையர்கள் ஆடிப்பாடிய அந்த மேடை, அமெரிக்காவின் முதல் பெரும் வெகுஜனக் கேளிக்கை. கறுப்பர்களின் இசையை ரசிப்பதும் கறுப்பர்களை மேடைக்கு வெளியே நிறுத்துவதும் ஒரே டிக்கெட்டில் நடந்தன.

1920இல் ஓக்கே நிறுவனம் வெளியிட்ட மேமி ஸ்மித்தின் 'கிரேஸி புளூஸ்' எதிர்பாராத அளவுக்கு விற்றது. கறுப்பர்களும் காசு கொடுத்து இசைத்தட்டு வாங்குவார்கள் என்பது கம்பெனிகளுக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, அதே நிறுவனத்தின் ரால்ஃப் பீர் அட்லாண்டாவுக்குப் போய் ஃபிட்லின் ஜான் கார்சன் என்ற வெள்ளை ஃபிடில் கலைஞரைப் பதிவு செய்தார். அந்தக் குரல் பீருக்குச் சகிக்கவில்லை. ஆனால் தட்டு விற்றுத் தீர்ந்தது. தெற்கத்தி வெள்ளைக் கிராமத்தாருக்கும் ஒரு சந்தை இருக்கிறது என்று புரிந்தது. அதற்கு 'ஹில்பில்லி' என்று பெயர் வைத்தார்கள். கறுப்பர்களுக்கான தட்டுகளுக்கு ஏற்கெனவே 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' என்று பெயர்.

கிராமங்களில் இசை இப்படிப் பிரிந்து கிடக்கவில்லை. கறுப்பர்கள் ஃபிடில் வாசித்தார்கள், வெள்ளையர்கள் புளூஸ் பாடினார்கள், ஒரே நடன விருந்துக்கு இரு தரப்பும் ஒரே மெட்டை வாசித்தன. பிரித்தது விற்பனைத் துறைதான். கொலம்பியா நிறுவனத்தில் கறுப்பர்களுக்கான தட்டுகள் 14000இல் தொடங்கும் எண்வரிசையில் வந்தன. தெற்கத்தி வெள்ளையர்களுக்கானவை 15000 வரிசையில். டென்னசியைச் சேர்ந்த ஆலன் சகோதரர்கள் என்ற வெள்ளை இரட்டையர் 1927இல் கொலம்பியாவுக்காகப் புளூஸ் பாடினார்கள். கேட்டவர்கள் குரலை வைத்துக் கறுப்பர்கள் என்று எண்ணிவிட்டார்களோ என்னவோ, அந்தத் தட்டு 14000 வரிசையில் வெளிவந்துவிட்டது. சகோதரர்கள் கொதித்துப்போனார்கள். வழக்குப் போடுவோம் என்று மிரட்டினார்கள். பிறகு விக்டர் நிறுவனத்துக்கே மாறிவிட்டார்கள்.

தட்டில் இருந்த பாட்டு அதேதான். மாறியது உறையில் இருந்த எண் மட்டும்.

அலமாரிகள் உறுதியாகிவிட்ட பிறகும் மறைவில் கொடுக்கல் வாங்கல் நிற்கவில்லை. கன்ட்ரியின் தந்தை என்று கொண்டாடப்படும் ஜிம்மி ராட்ஜர்ஸ் 1930இல் லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கின் எக்காளத்தோடு ஒரு பாட்டுப் பதிவு செய்தார். ஹாங்க் வில்லியம்ஸுக்குச் சிறுவயதில் கிட்டார் கற்றுக்கொடுத்தவர், 'டீ டாட்' என்று அழைக்கப்பட்ட ரூஃபஸ் பெய்ன் என்ற கறுப்பினத் தெருப்பாடகர். பின்னாளில் கன்ட்ரி இசைத் தொழிலின் மையமான நாஷ்வில் நகரின் 'கிராண்ட் ஓல் ஓப்ரி' வானொலி நிகழ்ச்சிக்கு 1927இல் அந்தப் பெயரே டிஃபோர்ட் பெய்லி என்ற கறுப்பின ஹார்மோனிகா கலைஞர் வாசித்து முடித்த கையோடுதான் சூட்டப்பட்டது. அந்த மேடையின் முதல் நட்சத்திரங்களில் ஒருவரான பெய்லி 1941இல் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். கன்ட்ரி இசையின் பெருமைமிகு கலைஞர் வரிசையில் அவர் பெயர் சேர்ந்தது 2005இல். அதற்குள் அவர் இறந்து 23 ஆண்டுகள் ஆகியிருந்தன.

1949 ஜூனில் பில்போர்டு இதழ் பட்டியல்களின் பெயர்களை மாற்றியது. 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' என்பது 'ரிதம் அண்ட் புளூஸ்' ஆனது. அதே சமயத்தில், ஹில்பில்லிப் பாட்டுகளுக்கான பட்டியல் 'கன்ட்ரி அண்ட் வெஸ்டர்ன்' ஆனது. பெயர்கள் நாகரிகமாயின, சுவர் இருந்த இடத்திலேயே இருந்தது. எழுபது ஆண்டுகள் கழித்து லில் நாஸ் எக்ஸ் போய் முட்டிக்கொண்டது அந்தச் சுவரில்தான்.

பேசிப் பாடுவது யாருடைய பழக்கம்?

ராப் கன்ட்ரிக்கு அந்நியமானது என்ற வாதத்துக்குக் கன்ட்ரியின் சொந்த வரலாறே இடம் கொடுப்பதில்லை. கிரிஸ் புஷிலன் என்ற தெற்கத்தி வெள்ளையர் கிட்டார் ஒலிக்கப் பேசிய 'டாக்கிங் புளூஸ்' 1926இல் அட்லாண்டாவில் பதிவானது. டெக்ஸ் வில்லியம்ஸ் சிகரெட் புகைப்பவர்களைக் கிண்டலடித்து மளமளவென்று பேசிய பாட்டு 1947இல் முதலிடத்தில் இருந்தது. சார்லி டேனியல்ஸ், ஃபிடில் போட்டியில் சாத்தானைத் தோற்கடித்த பையனின் கதையைத் தாளத்தோடு பேசிச் சொன்ன 'தி டெவில் வென்ட் டவுன் டு ஜார்ஜியா' 1979இல் கன்ட்ரி பட்டியலின் முதலிடத்தைப் பிடித்தது. அதே 1979இன் பிற்பகுதியில்தான் நியூயார்க் பக்கமிருந்து 'ராப்பர்ஸ் டிலைட்' வந்து ராப் என்ற சொல்லை நாடு முழுக்கக் கொண்டுபோனது.

இரண்டின் வேரும் ஒன்று என்று இதற்குப் பொருளில்லை. ராப், நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் கறுப்பின, கரீபிய, லத்தீன் இளைஞர்கள் இரண்டு சுழலும் தட்டுகளையும் ஒரு மைக்கையும் வைத்துக் கட்டியெழுப்பிய கலை. அதன் இலக்கணம் வேறு. ஆனால் ஏழைகள், தாங்கள் வாழும் இடத்தின் பெயரைச் சொல்லி, தங்கள் பேச்சுமொழியில், கதையாக அடுக்கிச் சொல்லும் பாட்டு என்ற வகையில் இரண்டும் பங்காளிகள். ஒன்றில் பிக்கப் வண்டி, மற்றதில் அடித்துத் திருத்திய பழைய காடிலாக். சொந்த ஊர்ப் பெருமை, சிறைவாசம், அம்மா, மது, கடவுள் என்று மற்றவை எல்லாம் இரண்டிலும் உண்டு.

தெற்கத்திக் கறுப்பின ராப்பர்களுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. கென்டக்கியில் கல்லூரி நண்பர்களாகச் சேர்ந்த நாப்பி ரூட்ஸ் குழு 2002இல் வெளியிட்ட 'வாட்டர்மெலன், சிக்கன் அண்ட் கிரிட்ஸ்' கிராமத்துக் கறுப்பர்களின் வாழ்க்கையைத்தான் பாடியது. அதைக் கன்ட்ரி என்று யாரும் அழைக்கவில்லை. கிராமத்தில் பிறந்தால் மட்டும் அந்த அலமாரியில் இடம் கிடைத்துவிடாது.

முகம் காட்டாத படம்

கன்ட்ரியில் கறுப்பர்களே இல்லை என்பதும் உண்மையில்லை. இருந்தார்கள், நிபந்தனையோடு. மிசிசிப்பியின் ஸ்லெட்ஜ் ஊரில் பருத்தி பறித்து வளர்ந்த சார்லி பிரைடின் முதல் தட்டை 1966இல் ஆர்சிஏ நிறுவனம் வானொலி நிலையங்களுக்கு அனுப்பியபோது, வழக்கமாகக் கூடவே போகும் புகைப்படத்தை வைக்கவில்லை. குரலை மட்டும் கேட்டவர்கள் வெள்ளையர் என்றே நினைத்தார்கள். டெட்ராய்ட்டில் ஒரு பெரிய அரங்கில் அவர் பெயரை அறிவித்ததும் கரவொலி எழுந்தது. அவர் வெளிச்சத்துக்குள் நடந்து வந்ததும் அது அப்படியே அடங்கிப்போனது. கொஞ்சம் நிரந்தரமாகவே வெயிலில் கறுத்துவிட்டேன் என்ற பொருளில் தன் நிறத்தைத் தானே கிண்டலடித்து, அந்த மௌனத்தைச் சிரிப்பாக மாற்றிவிட்டுத்தான் அவர் பாடத் தொடங்கினார். பிற்பாடு 29 பாட்டுகள் கன்ட்ரி பட்டியலின் முதலிடத்தைத் தொட்டன. 1971இல் கன்ட்ரி இசைச் சங்கத்தின் ஆண்டின் சிறந்த கலைஞர் விருது கிடைத்தது. ஆனாலும் வாசலில் முதலில் ஒரு நகைச்சுவையைக் கட்டணமாகச் செலுத்தியே அவர் உள்ளே போக வேண்டியிருந்தது.

பெண்களுக்கு அந்த வாசலும் குறுகலாக இருந்தது. 1969இல் ஓப்ரி மேடையில் தனியாகப் பாடிய முதல் கறுப்பினப் பெண் லிண்டா மார்ட்டெல். அவருடைய ஆல்பத்தை வெளியிட்ட நிறுவனத்தின் பெயர் 'பிளான்டேஷன் ரெக்கார்ட்ஸ்'. அடிமைகள் உழைத்த தோட்டத்தைக் குறிக்கும் அந்தச் சொல் தன் ஆல்பத்தின் உறையில் இருப்பதற்கு அவர் ஆட்சேபித்தார், பெயர் மாறவில்லை. 1970இல் வந்த அந்த ஓர் ஆல்பத்தோடு அவருடைய கன்ட்ரி வாழ்க்கை முடிந்தது.

பிரைடுக்குப் பிறகு கன்ட்ரி பட்டியலில் தனிக் கலைஞராக முதலிடத்தைத் தொட்ட அடுத்த கறுப்பர் டேரியஸ் ரக்கர், 2008இல். நடுவே கால் நூற்றாண்டு.

சேறும் சரளைச் சாலையும்

அந்த இடைவெளியின் கடைசி ஆண்டுகளில்தான் ராப் கன்ட்ரிக்குள் வெளிப்படையாகக் காலெடுத்து வைத்தது. வைத்தவர் ஒரு கறுப்பர். டெக்சாஸைச் சேர்ந்த, ஆறரை அடி உயரத்தை நெருங்கும் கவ்பாய் ட்ராய், தன் பாணிக்கு 'ஹிக்-ஹாப்' என்று பெயர் சொன்னார். பட்டிக்காட்டான் என்ற வசைச்சொல்லையும் ஹிப்-ஹாப்பையும் ஒட்டிப் பிறந்த சொல் அது. 2005இல் வந்த அவருடைய 'லோகோ மோட்டிவ்' ஆல்பம் கன்ட்ரி ஆல்பங்களில் 2ஆம் இடம் வரை போனது. ஆனால் அதன் முதன்மைப் பாட்டு கன்ட்ரி பாட்டுப் பட்டியலின் முதல் 40 இடங்களுக்குள்கூட வரவில்லை. அந்தப் பட்டியல் அன்று முழுக்க முழுக்க கன்ட்ரி வானொலி நிலையங்களின் ஒலிபரப்பைக் கணக்கிட்டே தயாரானது. மக்கள் வாங்கினார்கள், நிலையங்கள் வாசலைத் திறக்கவில்லை.

ஆறு ஆண்டுகள் கழித்து வாசல் திறந்தது, வேறொருவருக்கு. ஜார்ஜியாவைச் சேர்ந்த வெள்ளை ராப்பரும் முன்னாள் தொழில்முறை கோல்ஃப் வீரருமான கோல்ட் ஃபோர்ட், பிராண்ட்லி கில்பெர்ட்டுடன் சேர்ந்து எழுதிய 'டர்ட் ரோடு ஆந்தம்' பாட்டை வெள்ளைக் கன்ட்ரி பாடகர் ஜேசன் ஆல்டீன் எடுத்துப் பாடினார். சரணங்களில் ஆல்டீன் அப்பட்டமாக ராப் செய்கிறார். 2011இல் அது கன்ட்ரி பட்டியலின் முதலிடத்துக்குப் போனது. அந்த ஆண்டு ஒரு விருது மேடையில் அட்லாண்டா ராப்பர் லுடாக்ரிஸ் வந்து அவரோடு சேர்ந்து பாடியபோது அரங்கம் எழுந்து நின்று ஆடியது.

பிறகு வந்தது வெள்ளம். 2012 அக்டோபரில் பில்போர்டு தன் கணக்கு முறையை மாற்றியது. இனி கன்ட்ரி நிலையங்கள் மட்டுமல்லாமல், எல்லா வகை நிலையங்களின் ஒலிபரப்பும் இணைய விற்பனையும் ஸ்ட்ரீமிங்கும் கணக்கில் வரும். அந்த மாற்றத்தின் முழுப் பலனை அறுவடை செய்தது ஃப்ளோரிடா ஜார்ஜியா லைன் என்ற இரட்டையரின் 'க்ரூஸ்'. 2013இல் அதற்குக் கறுப்பின ராப்பர் நெல்லியைச் சேர்த்து ஒரு மறுபதிப்பு வந்தது. பாப் நிலையங்கள் அதை ஒலிபரப்பத் தொடங்கியதும், பாட்டு கன்ட்ரி பட்டியலின் உச்சியில் மொத்தம் 24 வாரம் அமர்ந்து அரை நூற்றாண்டுக்கும் மேல் நின்ற சாதனையை முறியடித்தது. ராப் கலந்த, பாப் நிலையங்கள் தூக்கிவிட்ட அந்தப் பாட்டில் கன்ட்ரியின் கூறுகள் போதுமா என்று கேட்டு யாரும் பட்டியலிலிருந்து எடுக்கவில்லை. விமர்சகர் ஜோடி ரோசன் இந்த அலைக்கு 'ப்ரோ-கன்ட்ரி' என்று பெயர் வைத்தார். பிக்கப் வண்டி, பீர், கட்டை ஜீன்ஸ் போட்ட பெண், அடியில் ஹிப்-ஹாப் தாளம். சாம் ஹன்ட்டின் 'பாடி லைக் எ பேக் ரோடு' 2017இல் 34 வாரம் முதலிடத்தில் இருந்தது. அதில் அவர் பாடுவதைவிடப் பேசுவதே அதிகம்.

நியாயமாகப் பார்த்தால், வெள்ளையர் கலந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. பழைய பாணி ரசிகர்கள் ப்ரோ-கன்ட்ரியைக் காறித் துப்பினார்கள். கோல்ட் ஃபோர்ட்டின் ஆல்பம் 2012இல் கன்ட்ரி ஆல்பங்களில் முதலிடம் பிடித்தும் அவருடைய சொந்தக் குரலுக்கு வானொலி இடம் தரவில்லை. அவரைப் போன்ற 'கன்ட்ரி ராப்' கலைஞர்களின் உலகம் வேறு: சேற்றில் ராட்சத டயர் வண்டிகளை ஓட்டும் வாரக்கடைசித் திடல்கள், வால்மார்ட் அலமாரிகள், யூடியூப். நாஷ்வில்லின் மேட்டுக்குடி இவர்களைப் பார்த்து மூக்கைச் சுளித்ததில் வர்க்க இளக்காரம் நிறையவே இருந்தது. ஆனால் அந்தத் திடல்களில் ராப் தாளத்துக்கு நடுவே, அடிமைமுறைக்காகப் போரிட்ட தென்மாநிலக் கூட்டமைப்பின் கொடியும் பறந்தது. கறுப்பர்களின் கலையை எடுத்துக்கொண்டே கறுப்பர்களை விரட்டும் கொடியையும் பிடித்துக்கொள்வதில் முரண்பாடு எதையும் அங்கே பலர் காணவில்லை. மின்ஸ்ட்ரல் மேடையின் ஒற்றை டிக்கெட் அங்கேயும் செல்லுபடியானது.

அந்தக் கொடியைப் பற்றியே ஒரு பாட்டு எழுதிப் பார்த்தார் கன்ட்ரி பாடகர் பிராட் பைஸ்லி. 2013இல் ராப்பர் எல்எல் கூல் ஜேயோடு சேர்ந்து அவர் பாடிய 'ஆக்சிடென்டல் ரேசிஸ்ட்', கொடி அச்சிட்ட சட்டை போட்ட ஒரு வெள்ளையனும் ஒரு கறுப்பனும் பழைய பகையை மறந்துவிடலாமே என்று பேசிக்கொள்ளும் கதை. அடிமைமுறையையும் ஆடை அலங்காரத்தையும் ஒரே தராசில் வைத்த அந்த நல்லெண்ணத்தை இரு தரப்பும் எள்ளி நகையாடின.

ஆல்டீனின் கதை இன்னும் கூர்மையானது. ராப் செய்து கன்ட்ரியின் உச்சியைத் தொட்ட அதே பாடகர் 2023இல் 'ட்ரை தட் இன் எ ஸ்மால் டவுன்' வெளியிட்டார். நகரத்து வன்முறையை எங்கள் சிற்றூரில் காட்டிப்பார் என்று சவால் விடும் பாட்டு. அதன் காணொளியைப் படமாக்கிய இடம், டென்னசியின் கொலம்பியா நகர நீதிமன்றக் கட்டடம். 1927இல் ஹென்றி சோட் என்ற கறுப்பின இளைஞனை ஒரு கும்பல் தூக்கிலிட்டுக் கொன்றது அங்கேதான். இடத்தைத் தேர்ந்தது தயாரிப்பு நிறுவனம், பாட்டில் இனம் பற்றி ஒரு சொல்கூட இல்லை என்று ஆல்டீன் தரப்பு சொன்னது. சிஎம்டி தொலைக்காட்சி காணொளியை நிறுத்தியது. பாட்டோ ஹாட் 100இன் உச்சிக்குப் போனது.

30 டாலர் தாளத்தின் பயணம்

மறுபடி 2019. நீக்கப்பட்ட சில வாரங்களுக்குள், 1990களின் கன்ட்ரி நட்சத்திரமான பில்லி ரே சைரஸ் சேர்ந்து பாடிய மறுபதிப்பு வெளியானது. ஒரு வெள்ளைக் கன்ட்ரி பாடகரின் குரல் சேர்ந்தும் பாட்டு அந்தப் பட்டியலுக்குத் திரும்பவில்லை. கன்ட்ரி வானொலிப் பட்டியலில் 50ஆம் இடத்தைத் தாண்டவும் இல்லை. ஆனால் ஹாட் 100இல் 19 வாரம் முதலிடத்தில் நின்று, மரியா கேரியும் லூயிஸ் ஃபான்சியும் வைத்திருந்த 16 வாரச் சாதனையை உடைத்தது. அந்த நவம்பரில் கன்ட்ரி இசைச் சங்கமே ஆண்டின் சிறந்த கூட்டு முயற்சி என்று அதற்கு விருது கொடுத்தது. பட்டியலுக்குப் பொருந்தாத பாட்டு, விருதுக்குப் பொருந்தியது.

பில்போர்டு பக்கம் ஒரு வாதம் உண்டு. லில் நாஸ் எக்ஸ் இணையத்தில் பாட்டை ஏற்றும்போது கன்ட்ரி என்று தானே வகை குறித்தார். ஹிப்-ஹாப்பைவிட அங்கே போட்டி குறைவு என்று கணக்குப் போட்டிருக்கலாம். இருக்கட்டும். 1923இலிருந்து இன்றுவரை கன்ட்ரி என்ற வகையே ஒரு விற்பனைக் கணக்குதான். அந்தக் கணக்கைக் கம்பெனி போட்டால் அது மரபு, பையன் போட்டால் தந்திரம் என்றால் நியாயம் எங்கே?

அதே ஆண்டில் இன்னொரு உண்மையும் வெளிப்பட்டது. அட்லாண்டாவின் பிளாங்கோ பிரவுன், கன்ட்ரியையும் ட்ராப் என்ற ஹிப்-ஹாப் தாளத்தையும் கலந்து உருவாக்கிய 'தி கிட் அப்' அதே கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்தது. அவரும் கறுப்பர். அவர் நாஷ்வில்லின் ஒரு கம்பெனி வழியாக, முறைப்படி கதவைத் தட்டி வந்தவர். நிறம் மட்டுமே முழு விடை இல்லை. யார் அனுமதியோடு வருகிறார் என்பதும் சேர்ந்துதான் கணக்கு. அந்த அனுமதி யாருக்குச் சுலபமாகக் கிடைக்கிறது என்று பார்க்கும்போது நிறம் மறுபடி உள்ளே வந்துவிடுகிறது.

2021 பிப்ரவரியில், கன்ட்ரியின் மிகப் பெரிய இளம் நட்சத்திரம் மார்கன் வாலன் கறுப்பர்களை இழிவுபடுத்தும் சொல்லைக் கத்தும் காணொளி வெளியானது. வானொலிகள் அவரை நிறுத்தின, கம்பெனி இடைநீக்கம் செய்தது. ஆல்பம் விற்பனை ஏறியது. வாலனின் பாட்டுகளில் ஹிப்-ஹாப்பின் ஓட்டமும் தாளமும் ரத்தத்தில் கலந்தவை. அந்த ஆண்டு டிசம்பரிலேயே சிகாகோ ராப்பர் லில் டர்க்கோடு அவர் பாடிய 'பிராட்வே கேர்ல்ஸ்', பில்போர்டின் ஆர் அண்ட் பி, ஹிப்-ஹாப் பட்டியலில் முதலிடத்தில் வந்து இறங்கியது. முன்பு 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' என்று அழைக்கப்பட்ட பட்டியலின் வாரிசு அது. சுவரைத் தாண்ட அந்தத் திசையில் யாரும் சீட்டுக் கேட்கவில்லை.

பியான்சேயும் ஷபூஸியும்

2016இல் கன்ட்ரி இசைச் சங்க விருது விழாவில் பியான்சே பாடியபோது, இவருக்கு இங்கே என்ன வேலை என்று சமூக ஊடகங்களில் கொந்தளித்தார்கள். ஹூஸ்டனில் பிறந்து, ரோடியோ பார்த்து வளர்ந்த பெண்ணிடம் கேட்கப்பட்ட கேள்வி அது. எட்டு ஆண்டுகள் கழித்து அவர் 'டெக்சாஸ் ஹோல்டு எம்' பாட்டோடு திரும்பினார். அதில் பான்ஜோ வாசித்தவர், அந்தக் கருவியின் கறுப்பின வேரை மீட்டெடுப்பதைத் தன் வாழ்நாள் பணியாக்கிக்கொண்ட ரியானன் கிடன்ஸ். 2024 பிப்ரவரியில் கன்ட்ரி பட்டியலின் முதலிடத்தைத் தொட்ட முதல் கறுப்பினப் பெண் ஆனார் பியான்சே. மார்ச்சில் வந்த 'கவ்பாய் கார்ட்டர்' ஆல்பத்தில், எண்பதைத் தாண்டிய லிண்டா மார்ட்டெல் வந்து இசை வகைகளைப் பற்றிக் குறும்பாகப் பேசிவிட்டுப் போகிறார்; அடுத்து பியான்சே ராப் செய்கிறார், கூடவே ஷபூஸி என்ற இளைஞர் பாடுகிறார்.

நைஜீரியப் பெற்றோருக்கு வர்ஜீனியாவில் பிறந்த ஷபூஸியின் சொந்தப் பாட்டு 'எ பார் சாங்', ராப்பர் ஜே-குவானின் 2004ஆம் ஆண்டுப் பாட்டான 'டிப்ஸி'யை எடுத்து, மதுக்கடையில் கிட்டாரோடு எல்லோரும் சேர்ந்து பாடும் கன்ட்ரி பாட்டாக மாற்றியது. கன்ட்ரி பட்டியலின் முதலிடத்தில் பியான்சேயை இறக்கிவிட்டு ஏறியது அதுதான். அடுத்தடுத்து இரண்டு கறுப்பினக் கலைஞர்கள் அந்த இடத்தில் இருந்தது அதுவே முதல் முறை. கன்ட்ரி வானொலியிலும் உச்சிக்குப் போன அந்தப் பாட்டு, ஹாட் 100இல் 19 வாரம் நின்று 'ஓல்டு டவுன் ரோடு' சாதனையைச் சமன் செய்தது. ஐந்தே ஆண்டுகளில் வானொலியின் மனம் இவ்வளவு மாறியிருந்தது.

மாறாததும் இருந்தது. அந்த ஆண்டு கன்ட்ரி இசைச் சங்கத்தின் பரிந்துரைப் பட்டியலில் 'கவ்பாய் கார்ட்டர்' ஆல்பத்துக்கு ஒன்றுகூட இல்லை. ராப் பக்கமிருந்து முதல் முறையாகக் கன்ட்ரி ஆல்பம் போட்ட போஸ்ட் மலோனுக்கு நான்கு. நாஷ்வில் புறநகரில் ராப்பராகத் தொடங்கிய ஜெல்லி ரோலை அதே சங்கம் முந்தைய ஆண்டே சிறந்த புதிய கலைஞராக்கியிருந்தது. இருவரும் திறமைசாலிகள், இருவரும் நாஷ்வில் பாடலாசிரியர்களோடு உட்கார்ந்து, அந்த ஊரின் வழக்கப்படி உழைத்தவர்கள். பியான்சே அந்த ஊருக்குள் போகாமலே ஆல்பத்தைச் செய்தார், அது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. ஆனாலும் ராப்பிலிருந்து கன்ட்ரிக்குப் போகும் பாதையில் இரண்டு வெள்ளையர்கள் வேகமாகச் சென்றதையும், அதே பாதையில் கறுப்பர்களிடம் அடையாள அட்டை கேட்கப்பட்டதையும் சேர்த்துப் பார்க்காமல் இருக்க முடியாது. விழா மேடையில் ஷபூஸிக்குக் கிடைத்தது, அவர் பெயரை வைத்துத் தொகுப்பாளர்களும் விருது வாங்கியவர்களும் அடித்த ஜோக்குகள்.

2025 பிப்ரவரியில் கிராமி விருதுக் குழு 'கவ்பாய் கார்ட்டர்' ஆல்பத்துக்குச் சிறந்த கன்ட்ரி ஆல்பம் விருதைக் கொடுத்தது. அந்தப் பிரிவில் ஒரு கறுப்பினக் கலைஞர் வென்றது அதுவே முதல் முறை. சில மாதங்களில், அடுத்த விழாவிலிருந்து கன்ட்ரி ஆல்பங்களுக்கு 'மரபு', 'தற்காலம்' என்று இரண்டு பிரிவுகள் இருக்கும் என்று அதே அமைப்பு அறிவித்தது. மற்ற இசை வகைகளிலும் இப்படிப் பிரிவுகள் உண்டு என்றார்கள். அலமாரி இன்னொரு தட்டாகப் பிரிந்தது.

அந்த மே மாதம் லாஸ் வேகாஸில் அமெரிக்க இசை விருதுகள் விழா. பாடகி மேகன் மொரோனியும் ஷபூஸியும் கன்ட்ரி பிரிவு விருதை அறிவிக்க மேடையேறினார்கள். கன்ட்ரி இசையையே கண்டுபிடித்தது கார்ட்டர் குடும்பம் என்ற பழைய பாடகர் குழுதான் என்ற பொருளில் எழுதித் தரப்பட்டிருந்த வரியை மொரோனி படித்தார். பக்கத்தில் நின்ற ஷபூஸி ஓரக்கண்ணால் பார்த்து ஒரு சின்னச் சிரிப்புச் சிரித்தார். கேமரா அதைப் பிடித்துக்கொண்டது. மறுநாள் அவர் சமூக ஊடகத்தில் சில பெயர்களைத் தேடிப்பார்க்கச் சொன்னார். அவற்றில் ஒன்று லெஸ்லி ரிடில்.

ரிடில் டென்னசியின் கிங்ஸ்போர்ட்டில் வாழ்ந்த கறுப்பின கிட்டார் கலைஞர். தொழிற்சாலை விபத்தில் ஒரு காலை இழந்தவர். துப்பாக்கி வெடித்து வலது கையில் விரல்களையும் இழந்து, மிச்சமிருந்த விரல்களால் மீட்டப் புது வழி கண்டவர். 1928 வாக்கில் கார்ட்டர் குடும்பத்தின் ஏ. பி. கார்ட்டர் அவரைச் சந்தித்தார். அதன்பின் இருவரும் பாட்டுத் தேடி மலைக் கிராமங்களையும் கறுப்பர் குடியிருப்புகளையும் சுற்றினார்கள். யாராவது பாடினால் கார்ட்டர் வார்த்தைகளைத் தாளில் எழுதிக்கொள்வார். மெட்டை மனத்தில் ஏற்றிக்கொள்வது ரிடிலின் வேலை. வீடு திரும்பியதும் அந்தக் குழுவின் மெய்பெல் கார்ட்டருக்கு அதை வாசித்துக் காட்டுவார். கார்ட்டர் குடும்பத்தின் தட்டுகள் நாடெங்கும் விற்ற அந்த ஆண்டுகளில் ரிடிலின் பெயரில் ஒரு தட்டும் வெளிவரவில்லை. 1960களில் மைக் சீகர் என்ற இசைஞர் தேடிப்போய்க் கண்டுபிடித்தபோது, அவர் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் இருந்தார். சீகர் ஒலிப்பதிவுக் கருவியை அவர் முன்னால் வைத்தார். முப்பது ஆண்டுகளுக்கு முன்பு மனத்தில் ஏற்றி வைத்திருந்த மெட்டுகளை ரிடில் ஒவ்வொன்றாக எடுத்து வாசித்துக் காட்டினார்.